சாந்தோம் மணலில் ஒரு கோடு... கோல்ஃப் பந்தைச் சரியாக அடிக்க இதுதான் முதல் பாடம்!

சாந்தோம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, வெள்ளைக் கோபுரத்தோடு வானத்தைத் தொட்டு நிற்கும் புனித தோமையார் பேராலயம். போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இருந்த இடத்தில், இப்போதுள்ள கட்டடம் 1896-ல் எழுந்தது. விளையாட்டுப் பிரியர்களைக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். அஸ்வினும் தினேஷ் கார்த்திக்கும் வாஷிங்டன் சுந்தரும் படித்த செயின்ட் பீட்ஸ் பள்ளியைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரே மணல்வெளியில் பத்து மேட்ச் நடக்கும். ஒரு டீமின் ஃபீல்டர், அடுத்த டீமின் அம்பயருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

இங்கே கோல்ஃப் பற்றி யாரும் பேசுவதில்லை. நியாயம்தான். சாந்தோமில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால், கோல்ஃப் பழக ஆசைப்படும் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் மிகவும் தேவைப்படும் ஒரு பொருள் இங்கே கட்டணமில்லாமல் கிடக்கிறது. அலை வந்து நனைத்துவிட்டுப் போன, இறுகிய ஈர மணல்!

அரை மில்லி செகண்ட் சமாசாரம்

கோல்ஃப் பந்து 46 கிராம்கூட இருக்காது. குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான். கிரிக்கெட் பந்து போல வேகமாக வராது, சுழலாது, எகிறாது. அசையாமல் தரையில் கிடக்கும். அடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். 'இதை அடிக்கிறதுல என்ன கஷ்டம்?' என்று முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்பதில் ஆச்சர்யமில்லை.

கஷ்டம் பந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் 2,000-ல் ஒரு பங்கு நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தத் திசையில் பயணிக்கிறது, தரையை எங்கே தொடுகிறது என்பவைதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கின்றன. பந்து கிளம்பிய பிறகு உடம்பை வளைத்து, 'திரும்பு... திரும்பு...' என்று கெஞ்சினாலும் அது கேட்காது.

பத்துப் பந்தில் இரண்டு அருமையாகப் பறக்கும். மீதி எட்டு, தரையோடு உருளும், வலது பக்கம் வளைந்து காணாமல் போகும், அல்லது மட்டை மண்ணைக் கிளறிவிட்டு நிற்க, பந்து பத்தடி தள்ளிப் படுத்துக்கொள்ளும். இது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது. நல்ல ஆட்டக்காரருக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த அருமையான இரண்டு அடிகளில் தெரியாது. மீதி எட்டில்தான் தெரியும்.

அந்த எட்டில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். வீசும் மட்டை ஒரு வட்டத்தின் கீழ்ப்பகுதி போல மேலிருந்து இறங்கி, தரையைத் தொட்டு, மறுபடி மேலே ஏறுகிறது. அந்த வட்டத்தின் மிகத் தாழ்ந்த புள்ளி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழுகிறது. தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் வகை மட்டையால் அடிக்கும்போது, அந்தப் புள்ளி பந்துக்குச் சற்று முன்னால், அதாவது இலக்கின் பக்கம் இருக்க வேண்டும். முதலில் பந்து, பிறகு தரை. தொழில்முறை வீரர்கள் அடித்த பிறகு புல் பெயர்ந்து பறப்பதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். 'டிவட்' என்று சொல்லப்படும் அந்தத் தடம், பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான் இருக்கும், பின்னால் இருக்காது.

இதைப் புல்தரையில் பழகினால் புல் பாழாகும், பராமரிப்பவர்கள் கோபப்படுவார்கள். பயிற்சி மையங்களில் போட்டிருக்கும் ரப்பர் பாய் இன்னும் மோசம், அது பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் தரையைத் தொட்டாலும் மட்டை பாயில் வழுக்கிப்போய்ப் பந்தைத் தட்டிவிடும்; அடித்தவர் நன்றாக அடித்ததாக நம்பிக்கொள்வார். மணலிடம் இந்த ஏமாற்று வேலை நடக்காது.

கலங்கரை விளக்கம் இடதுபக்கம்

சாந்தோம் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால், இடதுபக்கம் மெரினா கலங்கரை விளக்கம். வலதுபக்கம் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். முதுகுக்குப் பின்னால் தேவாலயம். வலதுகைக்காரர் கோல்ஃப் ஆடும்போது இலக்கு அவருக்கு இடதுபக்கம் இருக்கும். ஆக, கலங்கரை விளக்கம்தான் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட வசதியான குறி சென்னையில் வேறெங்கும் கிடைக்காது.

இனி, உங்கள் இரண்டு பாதங்களுக்கு நடுவிலிருந்து கடலை நோக்கி மணலில் நேராக ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். பந்து இருக்கும் இடம் அந்தக் கோடு என்று நினைத்துக்கொண்டு, 7-ம் எண் அயர்ன் மட்டையை நிதானமாக வீசுங்கள். பிறகு குனிந்து மணலைப் பாருங்கள்.

தடம் கோட்டிலேயோ, அதைத் தாண்டி கலங்கரை விளக்கத்தின் பக்கமோ தொடங்கினால் சரியான அடி. கோட்டுக்கு முன்பே, முகத்துவாரத்தின் பக்கம் தொடங்கியிருந்தால், நிஜப் பந்தாக இருந்தபோது மட்டை முதலில் மண்ணைத்தான் வெட்டியிருக்கும். மணலில் கீறலே விழவில்லையென்றால், பந்தின் தலையைத் தட்டி உருள விட்டிருப்பீர்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

தடம் இன்னொரு விஷயத்தையும் சொல்லும். அது நேராகக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தேவாலயம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தால், மட்டை வெளியிலிருந்து உள்பக்கமாக, உடம்புக்குக் குறுக்கே இழுக்கப்பட்டிருக்கிறது. மட்டையின் முகம் இலக்கைப் பார்த்திருந்தாலும் இந்த வீச்சில் பந்து வலதுபக்கம் வளையும். உலகம் முழுக்கப் புதியவர்களைப் பாடாய்ப்படுத்தும் 'ஸ்லைஸ்' இதுதான். சாந்தோம் கணக்கில் பந்து கடலுக்குள் போய்விட்டது! தடம் கடல் பக்கமாகச் சாய்ந்தால் நிலைமை தலைகீழ். வளைவு ஊர்ப்பக்கம் இருக்கும்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிக்கிறது என்பது ரேடார் கருவிகள் வந்த பிறகு தெளிவானது. வீச்சின் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவைத் தீர்மானிக்கிறது. பழைய புத்தகங்கள் பலவற்றில் இது நேர்மாறாக எழுதப்பட்டிருந்தது. பாதையை மணல் காட்டும், முகத்தைக் காட்டாது. அதற்கு, மட்டையின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவி, பயிற்சித் திடலில் பந்தை அடித்துப் பார்க்கலாம். பந்து பட்ட வட்டம் நடுவில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்று பளிச்சென்று தெரியும். விளிம்பில் பட்டால் தூரம் குறையும், கை அதிரும்.

கால்தடங்களையும் விடாதீர்கள். வீசி முடித்து மூன்று விநாடி அசையாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால், எடை முழுவதும் இடது காலுக்கு வந்துவிட்டது. வலது காலின் நுனி விரல்கள் மட்டும் மணலில் குழி பறித்திருக்கும். வலது குதிகால் இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தால், நீங்கள் பின்னாலேயே தங்கிவிட்டீர்கள். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் பின்னால் சாய்கிறார்கள். அந்த ஆசை தேவையே இல்லை. மட்டையின் முகம் சாய்வாக இருப்பதே பந்தை உயர்த்தத்தான். நீங்கள் கீழ்நோக்கி அடித்தால் பந்து தானாக மேலே போகும். சொன்னால் புரியும் விஷயம்தான், உடம்பு நம்பத்தான் சில வாரங்கள் ஆகும்.

வலை வீசுகிறவரைப் பாருங்கள்

சாந்தோமிலிருந்து தெற்கே நடந்தால் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், அதற்கப்பால் முகத்துவாரம். அக்கரையில் 1967-ல் கட்டப்பட்டு 1977-ல் இடிந்த 'உடைந்த பாலம்' தெரியும். சினிமாக்காரர்களுக்கும் செல்ஃபிக்காரர்களுக்கும் பிடித்த இடம். கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுகிறவர்களைப் பார்த்தால், கோல்ஃப் ஸ்விங்கின் இரண்டாவது பாடம் கிடைத்துவிடும்.

வலையின் ஓரம் முழுக்க ஈயக் குண்டுகள். கை பலத்தால் மட்டும் எறிந்தால் வலை கந்தல் மூட்டை போல ஓரிடத்தில் 'தொபக்' என்று விழும். தெரிந்தவர் எறிகிறபோது முதலில் கால் அழுந்துகிறது. இடுப்பு திரும்புகிறது, தோள் அதைத் தொடர்கிறது. கை கடைசியில்தான் வருகிறது. வலை வட்டமாக விரிந்து விழுகிறது. அவர் பலத்தைக் கூட்டவில்லை. வரிசையைக் குலைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோல்ஃபில் மட்டை கீழே இறங்கும்போதும் இதே வரிசைதான். கால், இடுப்பு, மார்பு, கை, கடைசியாக மட்டை. புதியவர்களிடம் கை முந்திக்கொள்கிறது. மேலே போனதும் அவசரமாகக் கையால் கீழே இழுப்பார்கள், தடம் தேவாலயம் பக்கம் சாயும்.

கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. லெக் சைடில் தூக்கி அடிக்கும் பழக்கத்தில் கீழ்க்கை ஓங்கி நிற்கும். கோல்ஃபில் அந்தக் கை அடக்கமாக இருக்க வேண்டும். பிடியும் இறுக்கமாக இருக்கக் கூடாது. குருவிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு: பறந்தும் போகக் கூடாது, நசுங்கவும் கூடாது. கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களால் முடியாது என்றில்லை. ஓய்வுக்குப் பிறகு கோல்ஃபில் இறங்கிய கபில்தேவ், 2024-ல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பி.ஜி.டி.ஐ-யின் தலைவராகவே ஆகிவிட்டார்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல வீரர்கள் மட்டையை மேலே கொண்டுபோக எடுத்துக்கொள்ளும் நேரம், அங்கிருந்து பந்தைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பக்கத்திலேயே மயிலாப்பூர் இருக்கிறது, தாளம் போடத் தெரியாதவர்கள் குறைவு. 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணி மேலே போங்கள். அடுத்த ஒரே எண்ணில் கீழே வாருங்கள். ஆள் உயரமோ குட்டையோ, இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

பலம் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு அதிதி அசோக்கை நினைவுபடுத்தலாம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தூரம் அடிப்பதில் பின்வரிசையில் இருந்த பெங்களூர்ப் பெண். நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலத்துக்கான வாய்ப்பைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுக்கும் அவருக்கும் இரண்டே அடிதான் இடைவெளி. இந்தியாவே அதிகாலையில் எழுந்து கோல்ஃப் பார்த்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

மணலில் கற்றதைப் புல்லில் சோதிக்க எங்கே போவது? சாந்தோமிலிருந்து மந்தைவெளி வழியாகச் சேமியர்ஸ் சாலையைப் பிடித்தால் நந்தனம். ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். மெட்ரோ பணிகள் நடக்கும் இடங்களில் நேரம் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு ஆகலாம். அங்கே, தினமும் பல்லாயிரம் பேர் கடந்துபோகும் அண்ணா சாலையை ஒட்டி 18 குழிகள் கொண்ட காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பஸ்ஸில் போகிற பலருக்கு அந்த மதிலுக்குப் பின்னால் இவ்வளவு பச்சை இருப்பதே தெரியாது.

இன்னொன்று கிண்டியில். ரேஸ் கோர்ஸின் குதிரைத் தடத்துக்கு நடுவே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பினர் ஆடிவந்த 18 குழி மைதானம். அந்தச் சுமார் 160 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்று வழக்கு நடந்து, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தைத் திரும்ப எடுத்தது. மழைநீரைத் தேக்கக் குளங்கள், பசுமைப் பூங்கா என்று திட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற வேளச்சேரிக்காரரிடம் கோல்ஃப் மைதானத்துக்காகப் பரிந்து பேச முடியாது. குளம்தான் முக்கியம். ஆனால், ஒரு கோல்ஃப் மைதானம் சுருங்கினால் அதில் முதலில் இடிபடுவது உறுப்பினர்கள் இல்லை. அவர்கள் வேறு ஊருக்குப் போய் ஆடிக்கொள்வார்கள். பை தூக்கும் கேடிகளும் புல் வெட்டும் தொழிலாளர்களும் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

கேடிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்திய கோல்ஃபைச் சொல்ல முடியாது. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே கோப்பையை வென்ற சி.முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். இவர்களுக்கு யாரும் மணிக்கணக்கில் வகுப்பெடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஸ்விங்குகளை, நல்லதும் கெட்டதுமாக, அருகில் நின்று பார்த்தார்கள். கெட்ட ஸ்விங்கில் பந்து எந்தப் புதரில் விழும் என்பதை மட்டை இறங்கும்போதே கணிப்பது அவர்கள் வேலை. தேடப்போவதும் அவர்கள்தானே!

கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம் என்பதில் பெரிய தவறில்லை. சென்னையில் பெரும்பாலும் உறுப்பினராகவோ உறுப்பினரின் விருந்தினராகவோ இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு முழு செட்டில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். பந்தைக் குழிக்குள் தள்ளும் பட்டர் உட்பட (வெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஆனால், பழக ஆரம்பிக்க 14 வேண்டாம். யாரோ பரணில் போட்டிருக்கும் ஒரு பழைய 7-ம் எண் அயர்ன் போதும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், நீளமான துடைப்பக்கட்டையின் பிடியில் கோட்டைத் தாண்டி மணலைக் கீறிப் பழகலாம்.

கடற்கரைக்குப் போகும் முன்

நிஜ கோல்ஃப் பந்தைக் கடற்கரையில் அடிக்கவே கூடாது. அந்த 46 கிராம் ஒருவரின் நெற்றியில் பட்டால் விளையாட்டு முடிந்துவிடும். கோட்டுப் பயிற்சிக்குப் பந்து தேவையுமில்லை. வீசும் வட்டத்துக்குள் யாரும் இல்லாத இடமாகப் பாருங்கள். கிரிக்கெட் பிள்ளைகளும் கட்டுமரங்களும் காயப்போட்ட வலைகளும் இருக்கும் இடத்தில் அது அவர்கள் இடம், ஒதுங்கிப் போய்விடுவது மரியாதை.

உலர்ந்த மணல் ஆகாது. மட்டை புதைந்து மணிக்கட்டு வலிக்கும். அலை தொட்டுத் திரும்பிய, காலடி லேசாக மட்டும் பதியும் பட்டைதான் வேண்டும். கடலில் இறங்க வேண்டாம், இந்தப் பகுதியில் இழுப்பு அதிகம். காலை ஆறிலிருந்து ஏழுவரை நல்ல நேரம். பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் மணல் கண்ணில் அடிக்கும்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அதிகம் வரும் தொந்தரவு கீழ்முதுகு வலி. ஐந்து நிமிடமாவது நடந்து, இடுப்பைத் திருப்பி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பிறகு மட்டையைத் தொடுங்கள். முழு வேகத்தில் நூறு முறை வீசுவதைவிட, அரை வேகத்தில் முப்பது முறை வீசி, ஒவ்வொரு முறையும் தடத்தைப் பார்ப்பது பலன் தரும். முப்பதில் எத்தனை தடம் கோட்டைத் தாண்டித் தொடங்கின என்று போனில் குறித்துவைத்தால், இரண்டு வாரத்தில் முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். முட்டி வலி உள்ள பெரியவர்கள், மணலில் கால் திரும்பும்போது பிசகாமல் இருக்க, கால்வாசி வீச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். தடம் அதற்கும் விழும்.

மணலால் சொல்லித்தர முடியாததும் உண்டு. டீ மேல் பந்தை வைத்து டிரைவரால் அடிக்கும்போது மட்டை கொஞ்சம் மேலேறும் நேரத்தில் பந்தைத் தொட வேண்டும், அதற்கு இந்தக் கோடு உதவாது. குழியருகே உருட்டும் நுணுக்கத்துக்கும் புல்தரைதான் வேண்டும். ஆட்டத்தில் கணிசமான அடிகள் அங்கேதான் போகின்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரைகளில் முட்டையிட வரும் காலம். தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவார்கள். மேட்டுப்பக்க மணலைக் கிளறாமல், தண்ணீர் ஓரத்துப் பட்டையிலேயே பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். முடித்துக் கிளம்பும்போது லூப் சாலையில் மீன் வாங்க நேரம் சரியாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் போனால் வஞ்சிரம் கிடைக்கும்.